பீரோவில் இருப்பது துணியா, காற்றா?

அரூர் வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கத்துக்குப் பருத்தி ஏல நாளில் போனால், உப்பிய மூட்டைகள்தான் கண்ணை நிறைக்கும். பருத்தியை மூட்டை கட்டுகிறவர்கள் சாக்குக்குள் காலால் மிதித்து மிதித்துத்தான் திணிப்பார்கள். மிதிக்க மிதிக்க சாக்கு இன்னும் கொஞ்சம் கொள்ளும். அடுத்த கட்டத்தில் ஜின்னிங் ஆலை, கொட்டை நீக்கிய பஞ்சை இயந்திரத்தில் அழுத்தி, 170 கிலோ பேலாகக் கட்டிவிடும். பஞ்சு மூட்டையில் பெரும்பகுதி காற்று என்பது இவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பஞ்சு நூலாகி, புடவையாகி வீட்டுக்குள் வந்த பிறகு நாம்தான் அதை மறந்துவிடுகிறோம். “பீரோ பத்தலை, இன்னொண்ணு வாங்கணும்” என்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு. அரை கிலோ எடையுள்ள பருத்திப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.54 கிராம். அப்படியானால் அந்தப் புடவையில் உள்ள இழை அடைத்துக்கொள்ளும் இடம் வெறும் 325 கன சென்டிமீட்டர்; ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் அளவு. அதையே 30 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரத்துக்கு மடித்து வைத்தால் 2,250 கன சென்டிமீட்டர் ஆகிறது. ஏழில் ஒரு பங்கு பருத்தி, ஆறு பங்கு காற்று!

இந்தக் காற்று இரண்டு வகை. நூலுக்கும் நூலுக்கும் நடுவே இருப்பது புடவைக்கு வேண்டிய காற்று. வெயில் காலத்தில் உடம்பைக் காப்பது அதுதான். மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே புகுந்திருப்பது வீண் காற்று. சுருட்டித் திணித்தால் இந்த இரண்டாவது வகைதான் பெருகும். கசக்கிய தாள் உருண்டையில் முக்கால் பங்குக்கு மேல் காற்றுதான். 2002-ல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் கசக்கிய பிளாஸ்டிக் தாளை ஒரு குழாய்க்குள் போட்டு மேலே எடை வைத்தார்கள். வாரக்கணக்கில் ஆகியும் அது அமுங்கி முடியவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. திணித்த துணி மீது பீரோ கதவை முட்டுக்கொடுத்துச் சாத்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். கசங்கலை எடையால் வெல்வது கடினம். நீவி மடித்தால் இரண்டே நிமிட வேலை.

கம்பளி, மெத்தை விரிப்பு போன்றவற்றுக்குக் காற்றை உறிஞ்சி எடுக்கும் பிளாஸ்டிக் பைகள் கிடைக்கின்றன. உள்ளே காற்று போனதும் வெளியே இருக்கும் வளிமண்டலம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் அழுத்துகிறது. 40-க்கு 50 செ.மீ. பை என்றால் மொத்தம் சுமார் இரண்டு டன்! ஆனால் பட்டுப் புடவையை இதில் வைக்கக் கூடாது. மடிப்பு இறுகி ஜரிகை முறியும். பட்டை வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றும் பாட்டி வழக்கமே சரி.

இனி அறையை அளப்போம். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள இரும்பு பீரோவின் கொள்ளளவு சுமார் 29 கன அடி. ஆறடிக்கு ஐந்தடி கட்டிலுக்கு அடியில் ஓரடி உயரம் இருந்தால் அங்கே 30 கன அடி. ஆக, ஒரு முழு பீரோ கட்டிலுக்குக் கீழே படுத்திருக்கிறது! பத்தடி உயரமுள்ள அறையில் ஏழடிக்கு மேல், பத்தடிச் சுவர் நெடுக இரண்டடி அகலத்தில் பரண் போட்டால் 60 கன அடி. இன்னும் இரண்டு பீரோ. தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. அந்த அளவு வீட்டில் தரையில் நிற்கும் ஒவ்வொரு பீரோவும் நடமாடும் இடத்தைப் பிடுங்குகிறது. தலைக்கு மேலுள்ள இடத்துக்கு யாரும் போட்டியில்லை.

எதை முதலில் வைப்பது? கணிதத்தில் இதைப் பெட்டி நிரப்பும் புதிர் என்பார்கள். மிகச் சிறந்த தீர்வைக் கண்டுபிடிப்பது கணினிக்கே திண்டாட்டம். ஆனால் ஓர் எளிய வழி இருக்கிறது: பொருள்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தி, இடம் கொள்ளும் முதல் பெட்டியிலேயே ஒவ்வொன்றையும் போடுவது. மிகச் சிறந்த முறையில் 9 பெட்டி போதும் என்றால், இந்த வழியில் 11-ஐத் தாண்டாது. 1973-ல் தொடங்கிய இந்த நிரூபணம் 2007-ல்தான் முழுமை பெற்றது. கனத்த போர்வைக்கு முதலில் இடம். கைக்குட்டை எந்தச் சந்திலும் நுழைந்துகொள்ளும்.

அடுக்கினால் போதாது, எடுக்கவும் வர வேண்டும். துவைத்து வந்த துணியை எப்போதும் வரிசையின் முன்னால் வையுங்கள். அடிக்கடி உடுத்துவது தானாகவே முன்னுக்கு வரும். உடுத்தாதது பின்னுக்குப் போகும். தேடும் நேரத்தில், இந்த முறை வேறெந்தச் சிறந்த முறையையும்விட இரண்டு மடங்குக்கு மேல் பின்தங்காது என்று ஸ்லீட்டர், டார்ஜன் என்ற இரு கணினி அறிவியலாளர்கள் 1985-ல் காட்டினார்கள். ஒரு வருடம் கழித்து வரிசையின் கடைசியைப் பாருங்கள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற துணிகளெல்லாம் அங்கே தாமாகவே சேர்ந்திருக்கும்.

இண்டு இடுக்கில்லாமல் அடைப்பதும் தவறு. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காக்கும். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். ஈரம் முழுதும் உலராத துணியை உள்ளே வைக்காதீர்கள். நாப்தலின் உருண்டையின் ஆவி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் கனமானது, கீழ்நோக்கி இறங்கும். அதனால் உருண்டையைச் சிறு பையில் கட்டி மேல்தட்டில் வைக்க வேண்டும். கைக்குழந்தையின் துணியோடு மட்டும் அதை வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி இரத்தச் சிவப்பணுக்களை அழித்துவிடக்கூடும்.

புது பீரோவுக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஓர் இன்ச் டேப்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியையும் பரணையும் அளந்து பாருங்கள். பிறகு பழைய பீரோவில் ஒரே ஒரு தட்டை மட்டும் காலிசெய்து, துணிகளை நீவி மடித்துத் திரும்ப வையுங்கள். மிச்சமாகும் இடத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவுசெய்யலாம்.