முதல் காமிரா

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்த பிறகு, நம் மாணவி ஒருத்தியின் தகப்பனார் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். மளிகைக் கடை வைத்து நியாயமாகப் பிழைப்பவர். சுற்றி வளைத்துப் பேசும் வழக்கமில்லாதவர்.

"ஸார், பெண் காமிரா வேண்டுமென்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் வாங்கித் தருவதாக நானும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கடையில் போய்க் கேட்டால், லட்ச ரூபாய்க்கு ஒன்றை எடுத்துக் காட்டி, மாதத் தவணையில் கட்டிவிடலாம் என்கிறார்கள். தாங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றார்.

அவருக்குச் சொன்ன பதிலையே நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம். ஆனால், முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுவது நலம். இந்த விஷயத்தில் புத்தி சொல்ல நமக்குள்ள யோக்கியதை, நாமே ஏமாந்தவர் என்பதுதான்.

2008-ம் வருஷத்தில், உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், சீட்டுப் பணத்தை மொத்தமாக எடுத்து ஒரு பெரிய காமிரா வாங்கினோம். விலையை நினைத்தாலே வெளியில் கொண்டுபோகப் பயமாக இருந்தது. தூசி படுமோ, மழையில் நனையுமோ என்று அஞ்சி, பட்டுத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். ஊருக்குப் போன போதெல்லாம் நம் தாயார், "அதை வெளியில் எடேன், என்னை ஒரு படம் பிடியேன்" என்பாள். "நல்ல வெளிச்சம் வரட்டும், அம்மா" என்று நாம் சொல்வோம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தாயார் காலமானாள். காமிராவை எடுத்துப் பார்த்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. இன்று நம்மிடம் தாயாரின் முகம் இருப்பது, வாக்காளர் அட்டையிலுள்ள தபால்தலை அளவுப் படம் ஒன்றில்தான்.

ஆகையால் முதல் விதி இது: நம் கையோடு எங்கும் வருகிற காமிராவே நல்ல காமிரா. இது புதிய ஞானமன்று. 1900-ம் வருஷத்தில் அமெரிக்காவில் கோடக் கம்பெனியார் 'பிரௌனி' என்ற காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அட்டைப் பெட்டிக்கு ஒரு சாதாரண லென்ஸ். விலை ஒரே டாலர். அதுவரையில் பெரும்பாலும் தனவந்தர்களும் தொழில்முறைப் படக்காரர்களும் கையாண்ட கலை, அதன் மூலம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கைக்கு வந்தது.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. ஸ்ரீ ஏ. கே. செட்டியார் காந்தி மகானின் வாழ்க்கையைப் படமாக்கப் புறப்பட்டு, பல தேசங்களுக்கும் யாத்திரை செய்து, பற்பலர் எடுத்து வைத்திருந்த பிலிம் துண்டுகளைத் தேடிச் சேகரித்தார். 1940-ல் அப்படம் வெளியாயிற்று. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் படம் பிடிக்கும் கலையைப் பயின்றவர் அவர். ஆனாலும், உரிய வேளையில் உரிய இடத்தில் யாரோ ஒருவர் காமிராவும் கையுமாக நின்றிராவிட்டால், அவ்வளவு படிப்பும் எதைச் சேகரித்திருக்கும்?

இரண்டாவது விதி: தானாக எல்லாம் செய்வதுடன், நாம் சொல்வதையும் கேட்கிற காமிராவாக இருக்கட்டும். காமிரா என்பது ஒரு சிறிய இருட்டறை. குழாயடியில் குடம் நிரப்புவதைப் போன்றதே அதன் வேலை. குழாயை அகலத் திறந்தால் குடம் சீக்கிரம் நிரம்பும். சிறிது திறந்தால் நேரமாகும். லென்ஸின் துவாரம் குழாய். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நாம் காத்திருக்கும் நேரம். துவாரத்தைப் பெரிதாக்கினால் முகம் தெளிவாகவும் பின்னாலுள்ள சுவர் மங்கலாகவும் விழும். நேரத்தைக் குறைத்தால் ஓடுகிற குழந்தையும் அசையாமல் நிற்கும்.

பிலிம் காலத்தவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில், உணர்திறன் 100 என்று வைத்துக்கொண்டு, துவாரத்தை எப். 16-லும் நேரத்தை ஒரு விநாடியில் 125-ல் ஒரு பங்கிலும் நிறுத்தினால், படம் ஏறக்குறையச் சரியாக விழும். துவாரத்தை எப். 11-க்குத் திறந்தால் நேரம் 250-ல் ஒரு பங்கு, எப். 8 என்றால் 500-ல் ஒரு பங்கு. இந்தக் கணக்கு இன்றும் பொய்க்கவில்லை. இவற்றைக் கையால் மாற்ற இடம் கொடுக்கும் காமிராவில் பழகினால் வெளிச்சத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளலாம். அந்தப் படிப்பு, காமிராவை மாற்றினாலும் நம்மை விட்டுப் போகாது.

மூன்றாவது, மெகாபிக்ஸல் மயக்கம். ஒரு மெகாபிக்ஸல் என்பது 10 லட்சம் புள்ளி. 1975-ல் கோடக் கம்பெனியின் எஞ்சினீயர் ஸ்டீவன் ஸாஸன் அமைத்த முதல் டிஜிடல் காமிராவில் இருந்தவை 10,000 புள்ளிகளே! இப்போது கோடிக்கணக்கில் ஏறிவிட்டன. ஆனால், 10 அங்குலத்துக்கு 8 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் உயர்வாக அச்சிட எத்தனை புள்ளி வேண்டும்? பெருக்கிப் பாருங்கள்: 72 லட்சம். எனவே 12 மெகாபிக்ஸல் இருந்தாலே குடும்பத்துக்குத் தாராளம். புள்ளிகளின் எண்ணிக்கையைவிட, அவற்றைத் தாங்கும் தகட்டின் அளவு முக்கியம். பெரும்பாலான செல்போன்களில் அது சுண்டுவிரல் நகத்தளவுதான். பெரிய காமிராக்கள் சிலவற்றிலோ 36 மில்லிமீட்டருக்கு 24 உண்டு. விளக்கு வெளிச்சத்தில் படம் பிடிக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

நான்காவது: முதல் காமிரா புதிதாகத்தான் இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. பிறர் உபயோகித்ததை வாங்குவதில் அவமானமுமில்லை. ஆனால், மாடு பிடிப்பவர் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்து வாங்க வேண்டும். லென்ஸின் பின்புறத்திலிருந்து டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். நூல் நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். துவாரத்தை எப். 16-க்குக் குறுக்கி வெள்ளைச் சுவரைப் படம் பிடியுங்கள். கரும்புள்ளிகள் விழுந்தால் உள்ளே தூசி. ஷட்டர் எத்தனை ஆயிரம் தடவை இயங்கியிருக்கிறது என்று கேளுங்கள். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.

மிச்சமாகும் பணத்தில் 50 மில்லிமீட்டர் அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கலாம். கிட்டவும் எட்டவும் இழுக்க முடியாத லென்ஸ் அது. ஆகவே நாமே நடந்து கிட்டப் போக வேண்டும். அந்த நடைதான் ஆரம்பக்காரருக்கு ஆசிரியர். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்துடன் காமிராவை வையுங்கள். அதையும்விட நல்ல மருந்து, வாரம் ஒரு முறையாவது வெளியில் எடுத்து உபயோகிப்பது. படங்களுக்கு இரண்டு பிரதிகள் வெவ்வேறு இடத்தில் இருக்கட்டும். வருஷத்துக்குப் பத்துப் படமாவது காகிதத்தில் அச்சிட்டு ஆல்பத்தில் ஒட்டுங்கள்.

இவ்வளவையும் கேட்ட மளிகைக் கடைக்காரர், "அப்படியானால் இப்போதைக்கு?" என்றார். "ஒரு மாதம் தங்கள் செல்போனைப் பெண்ணிடம் கொடுங்கள். நாளுக்கு ஒரு படம், ஜன்னல் வெளிச்சத்தில். மாத முடிவிலும் ஆசை மாறாதிருந்தால் காமிரா வாங்கலாம்" என்றோம்.

போன வாரம் அந்தப் பெண் ஒரு படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து காட்டினாள். விடியற்காலையில் கடைக் கதவு பாதி திறந்திருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் தகப்பனார் பருப்பு நிறுத்துக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்து விட்டு அவர், "நான் எப்போது இவ்வளவு கிழவனானேன்?" என்று கேட்டாராம். பிறகு அதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே சட்டம் போட்டு மாட்டிவிட்டாராம். காமிராவும் வாங்கியாயிற்று, பழையதுதான், தவணை இல்லாமல்.

நேயர்களில் எவரேனும் காமிராவைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தால், இப்போதே எழுந்து போய் அதை எடுக்க வேண்டுகிறோம். ஜன்னலோரத்தில் உள்ள வெளிச்சம் போதும். அம்மாவைக் கூப்பிடுங்கள்.