பொறுத்திருந்து பிறந்த துர்கா

1978 அக்டோபர் 3. நவராத்திரி தொடங்கிய வேளையில் கல்கத்தாவில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்குத் துர்கா என்ற பெயர் நிலைத்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தில் பிறந்து அப்போது 70 நாள்தான் ஆகியிருந்தது.

துர்காவுக்கு வழி செய்த டாக்டர் சுபாஷ் முகர்ஜி, இங்கிலாந்தில் செய்யாத ஒன்றைச் செய்திருந்தார். ஹார்மோன் ஊசி போட்டு முட்டைகளை வளரவைத்து எடுத்தார். உருவான கருவை உடனே கருப்பையில் வைக்காமல் 53 நாள் உறையவைத்தார். ஊசியின் வேகம் தணிந்து, தாயின் உடல் தன் இயல்புக்குத் திரும்பிய மாதத்தில்தான் கருவை உள்ளே வைத்தார்.

அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981 ஜூனில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று பதிவானது. அந்தப் பெருமைக்கு உரியவர்களில் ஒருவரான டி.சி. ஆனந்தகுமார், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, ‘முதலில் செய்தவர் அவர்தான்’ என்று 1997இல் எழுதினார். அறிவியலில் இதைவிடப் பெரிய நேர்மை அரிது.

1990இல் டாக்டர் கமலா செல்வராஜ் மூலம் இந்தச் சிகிச்சை சென்னையில் பலன் தந்தது. இன்று மதுரையிலேயே கிடைக்கிறது. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் நகையை அடகு வைத்து வருகிறவர்களுக்கு, ‘ஒரே செலவில் ரெட்டைப் பிள்ளையாகப் பிறந்துவிட்டால் நல்லது’ என்ற ஆசை வருவது இயற்கை. ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. இரட்டையர் பலர் 37 வாரம் நிறைவதற்குள் பிறந்துவிடுகிறார்கள். அதிலும் மிக முன்னதாகப் பிறக்கும் பிள்ளைக்கு நுரையீரல் முழுதாகப் பக்குவப்பட்டிருக்காது; பால் உறிஞ்சவும் தெம்பிருக்காது. குழாய் வழியே சொட்டுச் சொட்டாகத் தாய்ப்பால் கொடுத்து, வாரக்கணக்கில் இன்குபேட்டரில் வைத்துக் காக்க வேண்டியிருக்கும். பொதுவாக ஒரு கருவை மட்டும் வைப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

ஒற்றைப் பிள்ளையாக இருந்தாலும் எடைக்குறைவும் குறைப்பிரசவமும் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகின்றன. பழி முழுவதும் சிகிச்சையைச் சேராது. ஒரே தாய்க்கு இயல்பாகப் பிறந்த பிள்ளையையும் சிகிச்சையில் பிறந்த பிள்ளையையும் ஒப்பிட்ட நார்வே ஆய்வு 2008இல் வெளியானது. அதில் இருவருக்கும் இடையிலான வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிட்டது. தாயின் வயதும், குழந்தை தங்காமல் போனதற்கான காரணமும்கூட இதில் பங்கு வகிக்கின்றன.

உறையவைத்த கருவில் உருவாகும் பிள்ளைகளுக்கு எடைக்குறைவு அபாயம் குறைவு. ஆனால் தாய்க்கு ரத்தக்கொதிப்பு அபாயம் சற்று ஏறுகிறது. காரணத்தைத் தேடியவர்களின் கண் சினைப்பையின் மேல் விழுந்தது. முட்டை வெளியேறியதும் அது இருந்த பை, கார்ப்பஸ் லூட்டியம் என்ற மஞ்சள் நிறச் சுரப்பியாக மாறுகிறது. கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோனுடன், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ரிலாக்சினையும் அது சுரக்கிறது. மாத்திரைகளால் மட்டும் கருப்பையைத் தயார்செய்யும்போது முட்டை வெளியேறுவதில்லை. ஆகவே இந்தச் சுரப்பியும் உருவாவதில்லை. புரோஜெஸ்டிரோனை மருந்தாகக் கொடுத்துவிடலாம், ரிலாக்சின் கிடைக்காது. இயல்பான சுழற்சியில் கரு வைக்கப்பட்ட தாய்மார்களுக்கு ரத்தக்கொதிப்பு குறைவாக இருப்பதைப் பல நாடுகளின் பிறப்புப் பதிவேடுகள் காட்டுகின்றன. அந்தச் சிறு சுரப்பி, ஒரு பெண்ணின் கர்ப்பகாலம் முழுவதற்கும் அடித்தளம் போடுவதாகத் தெரிகிறது!

முகர்ஜி 1978இல் தேர்ந்த வழியும் இதுவே: உறையவைத்த கரு, இயல்பான சுழற்சி. மாதவிடாய் ஒழுங்கற்றவர்களுக்கு இது கைகூடாமல் போகலாம். மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ‘எத்தனை கரு வைக்கிறீர்கள்? என் இயல்பான சுழற்சியிலேயே வைக்க முடியுமா?’ என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு. கரு தங்கியபின் தவறாமல் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். பரிசோதனையில் கோடு தெரிவது தொடக்கம்தான். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பும் நாளில்தான் இந்தச் சிகிச்சை வென்றதாகக் கணக்கு.