ஒரு அடிக்கட்டை என்ன விலை?



எஸ்டிமேட்டிங் அண்ட் காஸ்டிங் பாடத்தில் செங்கல் சுவருக்கும் கான்கிரீட்டுக்கும் ரேட் போடக் கற்றுக் கொள்கிறோம். ஆனால் டிப்ளமோ வாங்கிக் கொண்டு ஊருக்குப் போனதும் யாராவது வந்து, "தம்பி, நீ இன்ஜினியருக்குத்தானே படிச்சே? வீட்டாண்ட ஒரு மரக்கட்டை நிக்குது. எடுக்க என்ன ஆவும்?" என்று கேட்டால் பலருக்கும் பதில் வராது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை அருகே கரையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. இப்படிப் புயலில் விழும் மரத்தை ஊரே கூடி வெட்டி எடுத்து விடும். விறகுக்கு ஆள் உண்டு. ஆனால் அடிக்கட்டைக்கு ஆள் இல்லை! பழவேற்காட்டை ஒட்டிய கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்களில், வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் நிற்கும் கட்டையை எடுப்பதுதான் உண்மையான சோதனை.

மணலை முதலில் பாருங்கள்

ஏரிக்கும் கடலுக்கும் அருகில் உள்ள கரை மணல் அது. காய்ந்த மணல் சுமார் 30 முதல் 35 டிகிரி சரிவில்தான் நிற்கும் என்று சாயில் மெக்கானிக்ஸில் படித்திருக்கிறோம். 75 செ.மீ. ஆழத்துக்குத் தோண்டினால், பள்ளத்தின் வாய் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டருக்கு மேல் தானாகச் சரிந்து விரியும். சந்தின் அகலமே ஒன்றரை மீட்டர் என்றால் என்ன ஆகும்? சரிவது பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தின் அடியில் உள்ள மணல்!

ஆகவே முதல் விதி: வீட்டை ஒட்டித் தோண்டும் பள்ளம் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. வேறு வழியே இல்லை என்றால் பலகை அடைத்து, முட்டுக் கொடுத்துத்தான் இறங்க வேண்டும். சுவர் ஓரத்தில் கடப்பாரையால் ஒரு சின்னக் குழி போட்டு அஸ்திவார ஆழத்தைக் கண்ணால் பார்த்து விடுங்கள். பழைய வீடுகளில் அது நாம் நினைப்பதை விட மேலாகவே இருக்கும்.

எந்த மரம்?

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. விரல் பருமனுள்ள சல்லி வேர்கள்தான். மண்வெட்டியும் கோடாரியும் போதும். ஆனால் அதை மக்க விடக் கூடாது. அழுகும் தென்னங்கட்டையில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். மிச்சமிருக்கும் தென்னைகளும் போய்விடும்.

வேம்புக்கு ஆணிவேரும் உண்டு, தடித்த பக்க வேரும் உண்டு. சுவருக்கு அடியில் போன வேரை இழுக்காதீர்கள். சுவர் ஓரத்தில் அறுத்து அங்கேயே விட்டு விடுங்கள். துளிர் வந்தால் வரும்போதெல்லாம் கிள்ளி எறிய வேண்டும். சீமைக் கருவேலமும் இப்படித்தான் விடாமல் துளிர்க்கும்.

மிஷினா, ஆளா?

ஜே.சி.பி. சுமார் 2.3 மீட்டர் அகலம். சந்துக்குள் வராது. செயின் ஸா வைத்து அறுக்கலாம் என்றால், மணல் பட்ட மாத்திரத்தில் அதன் பல் மழுங்கிவிடும். கட்டையைக் கழுவித் துடைத்த பிறகே அறுக்க வேண்டும். கடைசியில் கடப்பாரை, கோடாரி, ஆப்பு, மூன்று கால் நட்டுத் தொங்க விட்ட செயின் பிளாக் ஆகியவைதான் கை கொடுக்கும். வீட்டுத் தூணில் மட்டும் செயினைக் கட்டாதீர்கள்! 60 செ.மீ. விட்டமும் 75 செ.மீ. உயரமும் உள்ள பச்சைக் கட்டை சுமார் 200 கிலோ இருக்கும். வேரை அறுக்காமல் இழுத்தால் அதைப் போல் பல மடங்கு இழுவை தூணின் மேல் விழும்.

தீ வைக்கலாமா? பக்கத்தில் கீற்றுக் கூரையும் நைலான் வலையும் இருக்கும் இடத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். உப்பைக் கொட்டுவதும் வேண்டாம். நல்ல தண்ணீர்க் கிணறு அருமையான ஊர் அது.

கணக்கு போடுவோம்

மேலே சொன்ன அதே அளவு வேப்பங்கட்டை. ஆள் கூலி 1,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். (உங்கள் ஊர் கூலியைப் போட்டு மாற்றிக் கொள்ளுங்கள்.)

முறை 1 – முழுதாக எடுப்பது: தோண்டி வேர் அறுக்க 6 ஆள், துண்டு போட்டு ரோடு வரை சுமக்க 2 ஆள், பள்ளம் மூடி இடிக்க 1 ஆள். ஆக 9,000. பலகை, செயின் பிளாக் வாடகை 2,000. நிரப்பு மணல், டிராக்டர் 3,000. கூட்டினால் 14,000. எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 15,400. அதன் மேல் நம் லாபம் 10 சதவீதம். மொத்தம் 16,940.

முறை 2 – தரைக்குக் கீழே 30 செ.மீ. வரை மட்டும் வெட்டி மேலே மணல் மூடுவது: 3 ஆள், கருவி வாடகை 1,000, அப்புறப்படுத்த 1,000. ஆக 5,000. அதே இரண்டு சதவீதங்களும் சேர்த்தால் 6,050.

ஒரே கட்டை, கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம்! ஆகவே விலை சொல்லும் முன் வீட்டுக்காரரிடம், "அம்மா, இந்த இடத்துல என்ன பண்ணப் போறீங்க?" என்று கேளுங்கள். நடக்க வழி மட்டும் போதும் என்றால் முறை 2 போதும். கழிவறைத் தொட்டியோ தூணோ வரப் போகிறது என்றால் முறை 1தான். கேட்காமல் பெரிய ரேட்டைச் சொன்னால் ஏழை வீட்டின் ஒரு மாதச் சம்பாத்தியம் போகும். வேலை பிடிக்க வேண்டுமென்று குறைத்துச் சொன்னால், பலகை வாடகையை மிச்சம் பிடிக்கத் தோன்றும். சுவர் விழுவது அங்கேதான்.

எப்போது?

புயல் வருவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். அப்போது கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும். ஈர மணல் குழம்பாகி விடும். அதனால் அப்போதைக்குக் கட்டையைத் தரைமட்டமாக அறுத்து வழியை விடுங்கள். தோண்டும் வேலையை ஏப்ரல், மே மாதத்துக்கு வையுங்கள். நீர்மட்டம் இறங்கியிருக்கும், செலவும் குறையும்.

மறக்கக் கூடாதவை

1. குடிநீர்க் குழாய், மின்சார ஒயர், கழிவுத் தொட்டி எங்கே என்று முதலில் விசாரியுங்கள்.

2. புறம்போக்கு மரம் என்றால் ஊராட்சியிலும் வருவாய்த் துறையிலும் அனுமதி கேளுங்கள். பழவேற்காட்டில் உள்ள டச்சுக்காரர் கல்லறை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் அருகே தோண்டும் முன் அவர்களையும் கேட்க வேண்டும்.

3. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களையும் வைத்துக் கொண்டு, சுவரில் ஏற்கனவே உள்ள விரிசல்களைப் பார்த்துக் குறித்து, போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் வரும் சண்டை பாதி குறையும்.

4. என்ன வேலை, எவ்வளவு ஆழம், மண் மூடுவது யார், கட்டை யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

நண்பர்களே! கட்டையின் விட்டத்தை அளக்க ஒரு நிமிடம் போதும். சுவர், மணல், தண்ணீர், வழி இவற்றை அளக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளைச் செலவழித்த பிறகு சொல்லும் விலையே நியாயமான விலை. அடுத்த புயலுக்குப் பிறகு உங்கள் தெருவில் யாராவது வந்து கேட்டால், டேப்பும் கடப்பாரையும் எடுத்துக் கொண்டு கிளம்புங்கள்!