முதல் .22 ரைபிள்: விலை கூடினால் குறி தப்பாதா?

2024 ஆகஸ்ட் 1. பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைபிள் 3 பொசிஷன்ஸ் இறுதிச் சுற்று. 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார் ஸ்வப்னில் குசாலே. கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், அப்போது ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். அபினவ் பிந்த்ராவும் ககன் நரங்கும் பதக்கம் வாங்கியது காற்றழுத்தத்தில் இயங்கும் 10 மீட்டர் ஏர் ரைபிளில். ஸ்வப்னில் கையில் இருந்தது வேறு ரகம். தோட்டா போட்டுச் சுடும் .22 ரைபிள். ரேஞ்சில் கேட்டால் ‘பாயிண்ட் டூ டூ’ என்பார்கள்.

வார இறுதியில் ரைபிள் கிளப்புக்குப் போய் ஏர் ரைபிளில் கை பழகியவர்களுக்கு, கொஞ்ச நாளில் இந்த ஆசை வந்துவிடும். சொந்தமா ஒரு .22 வாங்கலாமா? பட்ஜெட்டுக்குள்ளயும் இருக்கணும், குறியும் தப்பக் கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா?

இருக்கிறது. நினைப்பதைவிடக் குறைந்த விலை ரைபிளே பெரும்பாலானவர்களுக்குப் போதும். மிச்சப் பணம் போக வேண்டிய இடம் தோட்டா. அதற்கான காரணம் அந்தத் தோட்டாவின் அமைப்பிலேயே இருக்கிறது.

விளிம்பில் இருக்கிறது விஷயம்

.22 தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தால், பித்தளைக் கூட்டின் அடியில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அந்த விளிம்பின் உள்மடிப்பில்தான் தீப்பற்றும் ரசாயனம் பூசப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் அது பற்றிக்கொள்ளும், உள்ளே இருக்கும் மருந்து எரியும், குண்டு கிளம்பும். விளிம்பில் பற்றுவதால் ரிம்ஃபயர். பெரிய ரைபிள் தோட்டாக்களில் இதே ரசாயனம் அடிப்பகுதியின் நடுவில் சின்னக் குப்பியாகத் தனியே இருக்கும். அது சென்டர்ஃபயர்.

ஊசியால் நசுக்க வேண்டும் என்றால் விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தம் தாங்காது. அதனால் ரிம்ஃபயர் என்றாலே சின்னத் தோட்டா, தோளில் உதைப்பு கிட்டத்தட்ட இல்லை, சத்தம் குறைவு, விலையும் குறைவு. அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887ல் கொண்டுவந்த .22 லாங் ரைபிள் தோட்டாதான் இன்றைக்கும் ஒலிம்பிக்கில் சுடப்படுகிறது.

ஒரு சிக்கலும் உண்டு. சென்டர்ஃபயர் சுடும் வெளிநாட்டு ஆர்வலர்கள் காலிக் கூட்டில் மருந்தை மறுபடி நிரப்பி, தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றபடி தோட்டாவைச் செதுக்கிக்கொள்வார்கள். ரிம்ஃபயரில் அதற்கு வழியில்லை. ஃபேக்டரி என்ன கொடுக்கிறதோ அதுதான். விளிம்பைச் சுற்றி ரசாயனம் ஒரே அளவில் பரவியிருக்கிறதா, ஒவ்வொரு தோட்டாவிலும் மருந்து ஒரே எடையா என்பதெல்லாம் உங்கள் கையில் இல்லை.

16 மில்லிமீட்டர் கணக்கு

‘துல்லியமான ரைபிள்’ என்றால் எவ்வளவு துல்லியம்? இந்தக் கேள்விக்கு ஒரு எண் இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்வதுதான் வேதம்.

50 மீட்டர் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவு. .22 குண்டின் விட்டம் சுமார் 5.6 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் வட்டத்தின் கோட்டைத் தொட்டாலே 10 புள்ளி கிடைக்கும். அப்படியானால் குண்டின் மையம், இலக்கின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விலகலாம். இரு பக்கமும் சேர்த்தால் 16 மில்லிமீட்டர் இடம்.

ரைபிளை மேஜையில் மணல் மூட்டை மேல் வைத்து 50 மீட்டரில் 10 தோட்டா சுடுங்கள். எட்ட எட்ட விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே 15 மில்லிமீட்டர் இருந்தால், அந்த ரைபிள் தன் பங்குக்கு எல்லாத் தோட்டாவையும் 10ல் போடத் தயார். இந்த அளவை எட்டுவதற்கு லட்சங்களில் விலையுள்ள ஜெர்மன் மேட்ச் ரைபிள் தேவையில்லை. ஒழுங்காகச் செய்யப்பட்ட நடுத்தர விலை போல்ட் ரைபிள், தனக்குப் பிடித்த தோட்டா கிடைத்தால் எட்டிவிடும்.

அப்புறம் ஏன் எல்லாம் 10ல் விழுவதில்லை? நின்றுகொண்டு சுடும் புதியவரின் கை ஆட்டம் இந்த 16 மில்லிமீட்டரைப் போல் பல மடங்கு. ரைபிளின் பிழை அதற்குள் கரைந்துபோகும். புள்ளிகளைத் தசமத்தில் எண்ணும் சர்வதேச இறுதிச் சுற்றில் 10.2க்கும் 10.7க்கும் உள்ள வித்தியாசம் பதக்கத்தைத் தீர்மானிக்கும். அங்கே விலை உயர்ந்த ரைபிளுக்கு நியாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ரேஞ்சுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

இன்னொன்று: மூன்று ஓட்டைகள் ஒட்டி விழுந்த படத்தைக் காட்டி ‘செம அக்யூரஸி’ என்று யாராவது விற்க வந்தால் மயங்க வேண்டாம். மூன்று தோட்டா அதிர்ஷ்டத்திலும் ஒட்டி விழும். பத்துப் பத்தாக நான்கைந்து முறை சுட்டுப் பார்த்தால்தான் ரைபிளின் குணம் தெரியும்.

வேகம் கூடினால் குறி கெடும்

தோட்டா பெட்டியில் ‘ஹை வெலாசிட்டி’ என்று இருந்தால் அதுதான் உசத்தி என்று தோன்றும். இலக்குச் சுடுதலில் நேர் எதிர்.

ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். வேகத் தோட்டா இதைத் தாண்டிக் கிளம்பும். காற்றின் தடையால் வழியில் வேகம் குறைந்து, ஒலி வேகத்தைக் கடந்து கீழே இறங்கும்போது குண்டு குலுங்கும். அந்தக் குலுக்கல் இலக்கில் தெரியும். போட்டித் தோட்டாக்கள் விநாடிக்குச் சுமார் 325 மீட்டரிலேயே கிளம்புகின்றன. ஒலி வேகத்தைத் தொடவே இல்லை, அதனால் தள்ளாட்டமும் இல்லை. பெட்டியில் ‘ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி’ அல்லது ‘சப்சானிக்’ என்று போட்டிருந்தால் அதை எடுங்கள்.

அதோடு முடியவில்லை. ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை, ஆனால் தயாரிப்புத் தொகுதி எண் வேறு என்றால் உங்கள் ரைபிளில் முடிவும் வேறாக இருக்கலாம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் எலி நிறுவனமும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாபுவாவும் இதற்காகவே சோதனைக் கூடம் வைத்திருக்கின்றன. வீரர்கள் தங்கள் ரைபிளைக் கொண்டுபோய்க் கவ்வியில் பூட்டி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துவரும் தொகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்வார்கள்.

நம்மால் ஷோனபெக் போக முடியாது. கிளப்பில் கிடைக்கும் நான்கைந்து ரகங்களில் தலா ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டா, வாங்கிச் சுட்டுப் பார்க்கலாம். ரகம் மாற்றும்போது முதல் 10, 15 தோட்டாக்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு ரகத்தின் குண்டிலும் பூசியிருக்கும் மெழுகு வேறு. புது மெழுகு பேரலுக்குள் படிய அவ்வளவு தோட்டா பிடிக்கும். எலி டெனெக்ஸ் போன்ற உச்ச விலைத் தோட்டாதான் ஜெயிக்கும் என்றும் இல்லை. எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், சிசிஐ ஸ்டாண்டர்ட் போன்ற பட்ஜெட் ரகங்கள் சில பேரல்களில் ஆச்சரியப்படுத்தும்.

சரி, எந்த ரைபிள்?

ரிம்ஃபயர் சந்தை பரந்து கிடப்பது அமெரிக்காவில். அங்கே முதல் .22 என்றதும் நினைவுக்கு வருவது 1964ல் வந்த ரூகர் 10/22. ட்ரிகரை அழுத்த அழுத்தச் சுடும் செமி ஆட்டோமேட்டிக். ஜாலியாக இருக்கும், உதிரி பாகம் ஏராளம். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே காகித இலக்கில் துல்லியம் வேண்டும் என்றால் போல்ட் ஆக்‌ஷன்தான் நம்பகம். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் பூட்டுவதால் அது ஒரே மாதிரி உட்காரும், சுடும் நேரத்தில் அசையும் பாகமும் குறைவு.

அந்த வரிசையில் அடிமட்ட விலையில் சாவேஜ் மார்க் 2. அதற்கு ஒரு படி மேலே செக் குடியரசின் சிசெட் 457, ஃபின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ். இவற்றின் விலை அங்கே ஒரு டாப் மாடல் ஸ்மார்ட்போனைவிடக் குறைவு. ‘பணத்துக்கு ஏற்ற துல்லியம்’ என்ற பேச்சு வந்தால் கடைசி இரண்டும்தான் அடிபடும், அது நியாயமும்கூட.

இந்தியாவில் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற்றம்தான். துப்பாக்கி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கிளப்புகளுக்கும் தகுதி பெற்ற போட்டியாளர்களுக்கும்தான் அந்த வழி திறந்திருக்கிறது. புதிதாக வாங்குபவருக்கு எதிரே இருப்பவை இரண்டு. ஒன்று, மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை தயாரிக்கும் .22 ஸ்போர்ட்டிங் ரைபிள். போல்ட் ஆக்‌ஷன், உழைக்கும், கரடுமுரடான ஃபினிஷ். இன்னொன்று செகண்ட் ஹேண்ட்: கட்டுப்பாட்டுக்கு முன் வந்த பழைய ப்ருனோ, போட்டியாளர்களிடமிருந்து சட்டப்படி கைமாறும் அன்ஷுட்ஸ் அல்லது வால்தர். பழைய ப்ருனோதான் இன்றைய சிசெட்டின் முன்னோர் என்பது இங்கே ஆறுதலான தகவல். நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

உரிமம் இல்லாமல் தொடாதீர்கள்

.22 ‘சின்னத் துப்பாக்கி’ என்ற எண்ணத்தில் பலர் கோட்டை விடும் இடம் இது. சட்டத்தின் பார்வையில் அது முழு துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் சிறை. இலக்குச் சுடும் பயிற்சிக்காக, அங்கீகரிக்கப்பட்ட ரைபிள் கிளப் உறுப்பினருக்கு உரிமம் தருவது பற்றி அதே சட்டத்தின் 13வது பிரிவு தனியாகவே பேசுகிறது. ஆகவே முதலில் கிளப், பிறகு உரிமம், கடைசியில்தான் ரைபிள். தமிழ்நாட்டில் காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் ஆணையரிடமும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை உண்டு. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். எத்தனை தோட்டா வாங்கலாம், வைத்திருக்கலாம் என்பதும் அதிலேயே இருக்கும்.

ஏர் ரைபிளில் விதி வேறு. 2016 ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் வேண்டாம். இரண்டில் எதைத் தாண்டினாலும் வேண்டும். .22 அளவில், அதாவது 5.5 மில்லிமீட்டரில் வரும் ஏர் ரைபிளை ‘லைசென்ஸ் தேவையில்ல சார்’ என்று யாராவது நீட்டினால் வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: .22 ரிம்ஃபயர் குண்டு கிளம்பும்போது அதன் ஆற்றல் சுமார் 140 ஜூல். ஒரு மைலுக்கு மேல் பறக்கும். தோப்பிலோ மொட்டை மாடியிலோ வைத்துப் பழகும் பொருள் அல்ல.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

செகண்ட் ஹேண்ட் ரைபிளில் பாலிஷைப் பார்க்காதீர்கள். போல்ட்டைக் கழற்றிவிட்டு, தோட்டா உட்காரும் அறையின் வாயில் டார்ச் அடியுங்கள். ஓரத்தில் ஊசி பட்ட பள்ளம் தெரிகிறதா? தோட்டா இல்லாமல் ட்ரிகரைத் தட்டித் தட்டிப் பழகியதன் அடையாளம் அது. ரிம்ஃபயரில் ஊசி விளிம்பைத் தேடிப் போகும், தோட்டா இல்லையென்றால் சில ரைபிள்களில் நேராக இரும்பில் அடிக்கும். பள்ளம் ஆழமானால் தோட்டா சரியாக உட்காராது, காலிக் கூடு வெளியே வராது. அடுத்து பேரலின் முன்வாய். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் விலை பேசவே வேண்டாம்.

நீளமான பேரல் துல்லியம் தரும் என்பது பழைய நம்பிக்கை. .22 தோட்டாவின் மருந்து சுமார் 40 சென்டிமீட்டர் நீளத்துக்குள்ளேயே தன் வேலையை முடித்துவிடும். அதற்கு மேல் நீளம் கொடுப்பது கையில் நிலைத்து நிற்கும் எடையும், இரு பார்வைக் குறிகளுக்கு இடையே கூடுதல் தூரமும்தான். ட்ரிகர் எப்படி என்பது இதைவிட முக்கியம். இழுவை, உராய்வு எதுவும் இல்லாமல் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் ‘டக்’கென விட வேண்டும். மரக்கட்டையில் கன்னம் வைத்தால் கழுத்தை நீட்டாமலேயே கண் பார்வைக் குறிக்கு நேரே வர வேண்டும். உங்கள் உடம்புக்குப் பொருந்தாத ரைபிள் எவ்வளவு துல்லியமானாலும் பயனில்லை.

தொலைநோக்கி மாட்டும் எண்ணம் இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஒலிம்பிக் பாணி போட்டிகளில் அதற்கு அனுமதி இல்லை, துளைப் பார்வைக் குறிதான். போட்டி ஆசை இருந்தால் அதைப் பொருத்தும் வசதி ரைபிளில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பொழுதுபோக்குக்கு ஸ்கோப் போதும் என்பவர்கள், 50 மீட்டருக்கு அமைத்த ரிம்ஃபயர் ஸ்கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். பெரிய ரைபிளுக்கான ஸ்கோப் பெரும்பாலும் 100 மீட்டர் அளவுக்கு அமைக்கப்பட்டிருக்கும். கண் கொஞ்சம் நகர்ந்தாலும் குறி நகரும்.

வாங்கியபின் வரும் செலவையும் கணக்கில் வையுங்கள்: கிளப் சந்தா, காதுக் கவசம், பூட்டு போட்ட இரும்புப் பெட்டி. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரலாம். போட்டியாளர்கள் விலக்கு கேட்கலாம், அதற்கும் கிளப் கடிதம் வேண்டும்.