ஊசி நடத்தும் நுண்யந்திரம்: பழகும் முறையும் ஜாக்கிரதையும்

சென்ற மாதம் திருநின்றவூரில், நஞ்சையும் கறவை மாடுகளும் உடைய குடியானவர் ஒருவர் எம்மிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய குமாரத்தி கால்நடை மருத்துவம் பயின்று, சோதனைச்சாலை ஒன்றில் பயிற்சிக்கு அமர்ந்திருக்கிறாள். “பசுவின் கருமுட்டையை ஊசியால் குத்தும் யந்திரத்தில் வேலையாம், கைக்கு ஆபத்து ஏதும் உண்டா?” என்பது அவர் கவலை. இவ்வூரிலிருந்து ரயிலேறி இத்தகைய வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் வேறு சிலரும் இருக்கக்கூடுமாதலால், சற்று விரிவாகவே விடை எழுதுகிறோம்.

பசுவின் கருமுட்டை, உறையும் சேர்ந்து, ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கே இருக்கும். அதனுட் செலுத்தும் கண்ணாடி ஊசியின் முனையோ தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியது. எவ்வளவு தேர்ந்த கையும் இங்கே நடுங்கும். அந்நடுக்கத்தைப் போக்கவே மைக்ரோமானிபுலேட்டர் என்னும் யந்திரம் ஏற்பட்டது. மைக்ராஸ்கோப்பின் இருபுறமும் ஒவ்வொன்று பொருத்தப்படும். இடப்புறக் குழல் மெல்ல உறிஞ்சி முட்டையைப் பிடித்துக்கொள்ள, வலப்புற ஊசி வேலை செய்யும். சிறு மோட்டார்கள் ஊசியை முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், மேலுங்கீழுமாகவும் நடத்துகின்றன. நாம் கைப்பிடியை நன்றாகச் சாய்த்தாலும் ஊசி மயிரிழையளவே நகரும்.

ஸ்காட்லாந்தில் 1996-ல் பிறந்த டாலி என்னும் ஆடு இத்தகைய யந்திரத்தின் துணையால் உண்டானது. ஆனால் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தார் 2009-ல் எருமைக் கன்றுகளை நகலாக உண்டாக்கியபோது, முட்டையின் உறையை நீக்கி, நுண்ணிய கத்தியால் கையாலேயே அறுத்து வேலை முடித்தனர். முதற் கன்று சில நாளில் மாண்டது. ஜூன் மாதம் பிறந்த கரிமா பிழைத்தது. விலையுயர்ந்த யந்திரம் இல்லையே என்று எல்லா வேலையும் நின்றுவிடாது என்பதற்காகவே இதைச் சொன்னோம்.

இனி ஆபத்தைப் பற்றி. கையிற் பிடித்த ஊசி எதிலேனும் தட்டினால் விரல் உணரும், மோட்டார் உணராது. தட்டின் அடியில் மோதி ஊசி நொறுங்கினாலும் அது மேலும் இறங்கும். ஒரு சோதனைச்சாலையில் மின்சாரம் நின்று திரும்பியதை யாம் நேரில் கண்டோம். சிலவகை யந்திரங்கள், விசையைப் போட்டதும், தம் தொடக்க ஸ்தானத்தைத் தேடித் தாமே ஓடும். ஊசி கழற்றப்படாதிருந்தபடியால் அது தட்டையும் வாரிக்கொண்டு சென்றது. ஒரு நாள் முழுதும் சேகரித்த முட்டைகள் வீணாயின. அங்கிருந்த மாணவர் அன்று சாப்பிடவே இல்லை. ஆகையால் மின்சாரம் போனால் முதலில் விசையை அணைத்து, ஊசியைக் கழற்றிய பின்னரே மறுபடி போடவேண்டும்.

ஊசியை இறக்குகையில் மைக்ராஸ்கோப்பில் கண் வையாமல், பக்கத்திலிருந்து பார்த்தே பெரும்பகுதி தூரம் இறக்குக. பின்பு வேகத்தைக் குறைத்துக்கொண்டு கண் வைக்கலாம். தட்டை மாற்றுமுன் ஊசியை மேலே உயர்த்திவிட வேண்டும்.

கைக்குள்ள ஆபத்து, மோட்டாரைவிடக் கண்ணாடியால்தான் மிகுதி. முறிந்த முனை தோலில் ஏறினால் தென்படாது. கண்ணில் தெறித்தாலோ கொடிது. கண்காப்பு அணிந்து, உடைந்த ஊசிகளைக் கெட்டியான டப்பாவிலிட வேண்டும். இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் சூலகங்களில் கன்றுவீச்சு நோய்க்கிருமி இருக்கக்கூடுமாதலால் கையுறையும் அவசியம்.

திருநின்றவூரில் பாதையோர வீடுகளில், கூட்ஸ் வண்டி போகையில் பாத்திரங்கள் அதிர்வதை அறிவீர்கள். அதில் மிகச் சிறு பங்கும் ஊசியைத் தடம் புரளச் செய்யும். பள்ளிப் பிள்ளைகளைச் சோதனைச்சாலைக்கு அழைத்துச் செல்லும் கிராம அலுவலர்கள், மேஜைமேல் எவரும் கை ஊன்றாதபடி பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். வேலை முடிந்ததும் ஊசியைக் கழற்றி, யந்திரத்தை உறையிட்டு மூடுக. திருகாணிகளுக்குத் தூசி ஆகாது.