வெயிலில் செல்லாதவரையும் தாக்கும் வெப்பம்: வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது எப்படி?

கோடையில் வெப்பப் பாதிப்புடன் அனுமதிக்கப்படும் முதியவர்கள் பலர் வெயிலில் அலைந்தவர்கள் அல்லர், வீட்டிலேயே இருந்தவர்கள். "அப்பா வாசற்படியைக்கூடத் தாண்டவில்லையே, டாக்டர்" என்று பிள்ளைகள் வியப்பதுண்டு. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் வீசிய வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தனித்து வாழ்ந்தோரும் மேல்மாடியில் குடியிருந்தோரும் அதில் கூடுதலான ஆபத்துக்கு உள்ளானார்கள் என்று பின்னர் நடந்த ஆய்வு காட்டியது.

காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை (சுமார் 35 டிகிரி செல்சியஸ்) எட்டிவிட்டால், வியர்வை உலர்வது ஒன்றே உடல் குளிர்வதற்கான வழி. முதுமையில் வியர்வையும் தாக உணர்வும் குறைகின்றன. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளும் சில மனநல மருந்துகளும் இச்சிரமத்தை அதிகரிக்கலாம். அதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். கோடை தொடங்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

கூரையும் சன்னலும்

கான்கிரீட் கூரை பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கி, இரவில் அறைக்குள் வெளிவிடுகிறது. எனவேதான் மேல்தளத்தில் நள்ளிரவிலும் புழுக்கம் தணிவதில்லை. மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திருப்பி அனுப்பப்படும். மழையில் கரைவதால் ஆண்டுதோறும், அக்கினி நட்சத்திரத்திற்கு முன்பே, பூசிவிடுவது நல்லது.

சன்னலுக்கு உட்புறத் திரையைவிட வெளிப்புற மறைப்பே சிறந்தது. கண்ணாடியைக் கடந்த வெயில் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது அல்லவா? மேற்குச் சன்னலுக்கு வெளியே தென்னங்கீற்றுத் தட்டியோ மூங்கில் தட்டியோ கட்டுங்கள். வெளிக்காற்று அறையைவிடச் சூடாக இருக்கும் வேளையில் சன்னல்களை மூடி, பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்தபின் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

மின்விசிறி, ஏர்கூலர், ஏசி

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது. ஆளில்லாத அறையில் அது சுழல்வதால் பயனில்லை. அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் விசிறிக் காற்று உடலை மேலும் சூடாக்கும் என உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

ஏர்கூலர் நீர் ஆவியாவதால் குளிர்ச்சி தருவது. மதுரை, வேலூர் போன்ற உலர்வெப்பப் பகுதிகளில் நன்கு பயன்படும். காற்றில் ஈரம் மிகுந்த சென்னைக் கடற்கரைப் பகுதியில் பலன் குறைவு. அதை இயக்கும்போது சன்னல் திறந்திருக்க வேண்டும். தொட்டி நீரில் டெங்கு கொசு வளரும் என்பதால் வாரம் ஒருமுறை வடித்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஏசியை 18 டிகிரியில் வைப்பது வீண் செலவு. 26 அல்லது 27 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் பெரும்பாலோர்க்குப் போதுமானது. ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம். வீடு முழுவதையும் குளிர்விக்க இயலாவிடில், நோயாளி இருக்கும் ஓர் அறையை மட்டுமேனும் குளிர்வியுங்கள். ஏசி இல்லாதோர், நோயாளியின் படுக்கையைக் கோடை முடியும்வரை கீழ்த்தளத்திற்கு மாற்றலாம்.

அறையில் ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். பகலில் 32, இரவில் 24 டிகிரிக்குக் கீழ் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் ஊர்க் கோடையில் இரவு அளவை எட்டுவது கடினமே. ஆயினும் எந்த அறை குளிர்ந்தது, எது தகிக்கிறது என்பதை அது காட்டிவிடும்.

எப்போது விரைய வேண்டும்?

உடல் கொதித்து, பேச்சு குழறி, நிதானம் தவறி, அல்லது மயக்கம் ஏற்பட்டால் அது வெப்பவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல், ஆடைகளைத் தளர்த்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாய்வழி எதையும் புகட்டாதீர்கள்.

இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தனியே வாழும் முதியவர் உங்கள் தெருவில் இருந்தால், கடும் வெயில் நாட்களில் காலையும் மாலையும் ஒருமுறை கதவைத் தட்டி நலம் விசாரியுங்கள்.