கால் இல்லாத காய்ச்சல்

நன்றாகத் தின்றுகொண்டிருந்த பன்றி ஒரு காலையில் தொட்டிப் பக்கமே வராது. உடம்பு அனலாய்க் கொதிக்கும். காது நுனியும் வயிற்றுத் தோலும் கருஞ்சிவப்பாகும். சில நாட்களில் அது செத்துவிழும். அடுத்தடுத்து மற்றவையும் விழும். இதுதான் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2024 ஒக்டோபரில் இலங்கையில் இது உறுதியானதும், நாடு முழுவதையும் தொற்றுப் பகுதியாக வர்த்தமானியில் அறிவித்தார்கள். இறக்குவானையிலோ யட்டியந்தோட்டையிலோ லயத்துக்குப் பின்னால் இரண்டு பன்றி வளர்ப்பவரையும் அந்த அறிவிப்பு கட்டுப்படுத்தியது.

இந்த வைரஸின் பிறப்பிடம் ஆபிரிக்கப் புல்வெளி. அங்குள்ள காட்டுப்பன்றி இனமான வார்ட்ஹொக்கும் ஒருவகை மென்தோல் உண்ணியும் அதை நெடுங்காலமாகச் சுமந்து வாழ்கின்றன. இரண்டுக்கும் பெரிய கேடில்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த வீட்டுப்பன்றிகள் கென்யாவில் கூட்டம் கூட்டமாகச் செத்தபோதுதான் நோய் வெளிப்பட்டது. 1921இல் மொன்ட்கோமரி என்ற மிருக வைத்தியர் அதை முதன்முதலில் விவரித்து எழுதினார்.

பூச்சி, உண்ணி வழியே பரவும் வைரஸ்களில் டிஎன்ஏ மரபணு கொண்டதாக நாம் அறிந்தது இது ஒன்றுதான். கொரோனா வைரஸின் மரபணு ஏறத்தாழ 30,000 எழுத்து நீளம். இதற்கோ 170,000க்கும் மேல். அந்த நீளத்தில் பன்றியின் நோயெதிர்ப்பை ஏமாற்றும் வித்தைகள் பல எழுதப்பட்டிருக்கின்றன. கிருமிகளை விழுங்கி அழிக்கும் மேக்ரோபேஜ் செல்களுக்குள்ளேயே இது புகுந்து பெருகுகிறது. காவற்காரனையே கையாளாக்கும் திருடனைப் போல. அந்தச் செல்கள் கக்கும் வேதிப்பொருள்கள் இரத்தக் குழாய்களைச் சிதைக்கின்றன. தோல் கருஞ்சிவப்பாவது அதனால்தான். தடுப்பூசி செய்வது இவ்வளவு கடினமாக இருப்பதும் இந்தச் சிக்கலான அமைப்பால்தான்.

மனிதருக்கு இது தொற்றாது. இலங்கை முன்பு கண்ட இன்னொரு பன்றி வைரஸ் இதற்கு நேர்மாறானது. 1985-86இல் அநுராதபுரத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியபோது வளர்ந்த பன்றிகள் பெரும்பாலும் சுகமாகவே நின்றன. அவற்றின் இரத்தத்தில் பெருகிய வைரஸை வயல் நுளம்புகள் மனிதருக்குக் கடத்தின. 300 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 1998-99இல் மலேசியாவில் நீபா வைரஸ் பன்றியையும் மனிதரையும் சேர்த்தே தாக்கியது. ஒரே பட்டிக்கு வரக்கூடிய மூன்று வைரஸ்களுக்கு மூன்று குணம்.

நுளம்புக்குச் சிறகுண்டு. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலோ காற்றில் நெடுந்தூரம் போவதில்லை. 1957இல் லிஸ்பன் விமான நிலையத்தருகே பன்றிகளுக்குப் போட்ட விமானச் சாப்பாட்டு மிச்சத்தோடு அது ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. 2007இல் ஜோர்ஜியாவின் போத்தி துறைமுகத்தருகே தலைகாட்டியது. கப்பல் சமையலறைக் கழிவில் வந்திருக்கும் என்பது கணிப்பு. 2018இல் சீனா, 2020இல் அசாம், 2022இல் கேரளத்தின் வயநாடு. உறைந்த இறைச்சியில் ஆண்டுக்கணக்காகவும், உப்பிட்டு உலர்த்தியதில் மாதக்கணக்காகவும் உயிர்ப்போடிருக்கும் வைரஸ் அது. அதைச் சுமந்து போவது பெரும்பாலும் நம் கையும் செருப்பும் லொறிச் சில்லும்தான்.

சப்ரகமுவையின் தோட்டங்களை அடுத்து காடு, காட்டில் பன்றி. மரவள்ளிக் கொல்லைக்கு இரவில் வரும் காட்டுப்பன்றிக்கும் இந்த நோய் தொற்றும். செத்த பன்றியை ஓடையிலோ காட்டோரத்திலோ போட்டால், அதை முகர்ந்து கடிக்கும் காட்டுப்பன்றி வழியே நோய் காட்டுக்குள் வேர்விடும். ஆகவே ஆழமாகக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். கடையில் மிஞ்சிய சோற்றையும் கறியையும் கிளறிக் கிளறி ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து ஆறிய பிறகே போட வேண்டும். போடாமலே விடுவது இன்னும் நல்லது.

இவ்வளவு தெரிந்தும் நோய் ஏன் பரவுகிறது? ஒரு பன்றி செத்ததும் வளர்ப்பவர் மனதில் எழும் கணக்கு எளிமையானது: மிருக வைத்தியருக்குச் சொன்னால் மிச்சமிருப்பதும் போகும், சொல்லாமல் அறுத்து விற்றால் பாதிக் காசாவது தேறும். அந்த மலிவு இறைச்சியின் கழுவல் நீர் அடுத்த பட்டிக்குப் போய்ச்சேரும். பிடிபடும் பயத்தைவிட நட்டஈடு கிடைக்கும் நம்பிக்கை பெரிதாக இருக்கும் ஊரில்தான் முதல் சாவு மறைக்கப்படாது. தடுப்பூசி கைக்கு வரும் வரை, இந்த வைரஸுக்கு எதிரான வலுவான மருந்து நேரத்தோடு சொல்லப்படும் உண்மைதான். அதற்குரிய விலையைச் சிறு வளர்ப்பாளர் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.